வக்கீலாக வந்தவர் வாத்தியாரானார்: லீ குவான் இயூவும் சிங்கப்பூரின் பழமைவாதமும்

1952ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரின் தபால்காரர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக நின்றவர், கேம்பிரிட்ஜில் படித்துவிட்டுத் திரும்பி இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத 28 வயது வழக்கறிஞர். சீருடை அணிந்த அந்த ஊழியர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்களும் இந்தியர்களும். அவர்கள் பக்கத்து நியாயத்தை ஆங்கில நாளேட்டில் எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம். வேலைநிறுத்தம் வென்றது. லீ குவான் இயூ என்ற பெயர் தொழிற்சங்க வட்டாரங்களில் பரவியது. சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் தேடி வந்தன.

துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தொடங்கி, பாரந்தூக்கி ஓட்டுநராக ஓய்வுபெற்ற என் பெரியப்பாவிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்: “அப்ப அவரு நமக்கு வக்கீலுடா தம்பி. நாடு கெடச்சப்புறம் வாத்தியாரா ஆயிட்டாரு.” அதைக் குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாத்தியார் என்றால் அடிப்பவர். நம்மைப் படிக்கவைத்து ஆளாக்கியவரும் அவரே. இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி பெரியப்பாவின் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. தொழிலாளர்களின் வழக்கறிஞராகவும் ஜனநாயக சோசலிஸ்ட்டாகவும் அரசியலுக்கு வந்த ஒருவர், ஆசியாவின் மிக உறுதியான பழமைவாத அரசியல்களில் ஒன்றை எப்படிக் கட்டினார்? அவர் கட்டியதில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை?

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் பழமைவாதி என்றால் பழைய வழக்கங்களை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பவர் என்றே பொருள் கொள்கிறோம். சிங்கப்பூரில் அந்தப் பொருள் பொருந்தவே பொருந்தாது. கம்பங்கள் எனப்பட்ட பழைய கிராமக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பியதும், சீனக் கிளைமொழிகளை வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் அகற்றியதும், தாய்மொழிவழிப் பள்ளிகள் மாணவரின்றி மூடப்படும் நிலைக்கு ஆங்கிலத்தை முன்னுக்குக் கொண்டுவந்ததும் இதே அரசியல்தான். உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. பழையவற்றில் பெரும்பகுதியை இடித்துவிட்டு, குடும்பம், ஒழுங்கு, உழைப்பு, அதிகாரத்துக்கு மரியாதை ஆகியவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய கட்டடத்தில் குடியேற்றிய பழமைவாதம் இது. இதற்குப் பொருத்தமான வேறு சொல் கிடைக்காததால் அதே சொல்லையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

இடதுசாரி மேடையில் ஒழுக்கப் பேச்சு

மக்கள் செயல் கட்சி 1954 நவம்பர் 21 அன்று விக்டோரியா நினைவு மண்டபத்தில் தொடங்கப்பட்டது. ஆங்கிலம் படித்த மிதவாதிகளும், சீனப் பள்ளி மாணவர்களையும் தொழிற்சங்கங்களையும் தம் பின்னால் வைத்திருந்த இடதுசாரிகளும் அதில் ஒன்றாக இருந்தார்கள். 1959 மே 30 தேர்தலில் கட்சி 51 தொகுதிகளில் 43ஐ வென்றது. ஆட்சிக்கு வந்த கையோடு அது செய்தவற்றுள் ஒன்று ‘மஞ்சள் பண்பாட்டு’ எதிர்ப்பு இயக்கம். ஆபாச இதழ்களுக்கும் கேளிக்கை இயந்திரங்களுக்கும் தடை வந்தது. இதை வலதுசாரி ஒழுக்கவாதம் என்று எண்ணினால் தவறு. காலனி ஆட்சி இளைஞர்களைச் சீரழிக்கிறது என்று 1950களில் கிளர்ந்தெழுந்த சீனப் பள்ளி மாணவர்களின் இடதுசாரி முழக்கமாகவே அது தொடங்கியது. தமிழரிடையேயும் இதற்கு இணையான ஓர் ஓட்டம் இருந்தது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும், தமிழர் சீர்திருத்தச் சங்கமும் குடியையும் மூடநம்பிக்கையையும் வீண் சடங்குகளையும் விடச்சொல்லித் தொழிலாளர்களிடம் ஓயாமல் பேசிவந்தன.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. லீ குவான் இயூ இடதுசாரியாக இருந்து ஒருநாள் வலப்பக்கம் தாவினார் என்றே பொதுவாக எழுதுகிறார்கள். உண்மையில் அவருடைய பழமைவாதத்தின் ஒழுக்கப் பகுதி ஏற்கெனவே இடதுசாரி மேடையில் தயாராக இருந்தது. கட்டுப்பாடு, எளிமை, தன்னலத்துக்கு மேல் பொதுநலம் என்பவையெல்லாம் எதிராளிகளின் சொற்கள். அவற்றைப் பேசியவர்களை அவர் வெளியேற்றினார், சொற்களை வைத்துக்கொண்டார். 1961இல் கட்சி பிளந்து, இடதுசாரிகளின் கட்சியாகப் பாரிசான் சோசியலிஸ் உருவானது. 1963 பிப்ரவரி 2 அன்று கோல்ட்ஸ்டோர் எனப்பட்ட கைது நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார்கள். அதன்பின் இடப்பக்கத்தில் அவருக்கு ஈடாக நிற்க யாரும் எஞ்சவில்லை.

1968

சிங்கப்பூர் பழமைவாதத்துக்குப் பிறந்தநாள் ஒன்று குறிக்கவேண்டுமானால் நான் இந்த ஆண்டைத்தான் குறிப்பேன். தனிநாடாகி மூன்றாண்டுகள்கூட நிறையாத நிலையில், பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் மீட்டுக்கொள்வதாக ஜனவரியில் அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர், மலையாளிக் குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட செய்தியாக இருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. ஏப்ரல் தேர்தலைப் பாரிசான் புறக்கணிக்க, மக்கள் செயல் கட்சி 58 தொகுதிகளையும் கைப்பற்றியது. அதே ஆண்டில் வேலை நியமனச் சட்டமும் தொழில்துறை உறவுகள் திருத்தச் சட்டமும் நிறைவேறின. வார வேலைநேரம் 44 மணியானது. ஆளெடுப்பதும் நீக்குவதும், பதவி உயர்வும் இடமாற்றமும் முதலாளியின் உரிமை என்றும், அவற்றைப் பற்றிச் சங்கம் பேரம் பேசக்கூடாது என்றும் ஆனது. 1952இல் தபால்காரர்களுக்காக வாதாடியவரின் அரசாங்கம் இதைச் செய்தது.

பொது விடுமுறை நாள்களும் பதினொன்றாகக் குறைக்கப்பட்டன. ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் பங்குக்குச் சிலவற்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. முஸ்லிம்கள் நபிகள் நாயகம் பிறந்தநாளை விட்டார்கள். கிறிஸ்துவர்களும் தங்கள் விடுமுறைகளில் சிலவற்றை இழந்தார்கள். இந்துக்களிடம் தைப்பூசமா தீபாவளியா என்று கேட்கப்பட்டது. தீபாவளி நின்றது, தைப்பூசம் போனது. சமய உணர்வைப் போற்றும் பழமைவாதி ஒருவர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்று தோன்றலாம். ஆனால் லீயின் கொள்கைக்குள் பொருளாதாரத்துக்குப் பிறகுதான் பண்பாட்டுக்கு இடம். வீட்டில் அரிசி இருந்தால்தான் விளக்கேற்ற முடியும் என்பது அவருடைய வரிசை. அந்த வரிசையை அவர் கடைசிவரை மாற்றியதில்லை. சூதாட்டக் கூடங்களைப் பல்லாண்டுகள் எதிர்த்துவந்தவர், 2005இல் அவற்றுக்கு அனுமதி வழங்கப்பட்டபோது அரசாங்கத்தின் முடிவோடு நின்றதும் அதே கணக்கில்தான்.

கட்சியின் அனைத்துலக முகவரியும் பிறகு மாறியது. விசாரணையின்றிக் காவலில் வைப்பதைச் சுட்டி, அனைத்துலக சோசலிச அமைப்பிலிருந்து மக்கள் செயல் கட்சியை நீக்கவேண்டும் என்று நெதர்லாந்துத் தொழிற்கட்சி கோரியது. 1976இல் கட்சி தானாகவே விலகிக்கொண்டது. லண்டனில் அதன் தரப்பை எடுத்துரைத்தவர் தொழிற்சங்கத் தலைவர் தேவன் நாயர். சிங்கப்பூரின் சோசலிசம் செயலில் பலன் தரும் சோசலிசம் என்பது அவர் வாதம். ஓய்வூதியம் இல்லை, வேலையின்மை உதவித்தொகை இல்லை, ஆனாலும் சோசலிசம் என்ற அந்தப் பேச்சு அதற்குப்பின் அதிக நாள் நீடிக்கவில்லை.

வீட்டுச் சாவியும் சேமநிதிக் கணக்கும்

இனி இந்த ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். பழமைவாதத்தைக் கட்டமைக்க நினைக்கும் தலைவர்கள் பொதுவாகச் சொற்பொழிவில் தொடங்குவார்கள். லீ வீட்டில் தொடங்கினார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960இல் உருவானது. சொந்தவீட்டுத் திட்டம் 1964இல் வந்தது. 1968 முதல், சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேமிக்கப்படும் மத்திய சேமநிதிப் பணத்தை வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்றானது. சேமநிதி அவர் கண்டுபிடித்ததன்று, 1955இல் காலனி ஆட்சியில் தொடங்கியது. ஆனால் அதை வீட்டோடு முடிச்சுப்போட்டது அவருடைய அரசாங்கம். காரணத்தையும் அவர் ஒளிக்கவில்லை. கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்குச் சொந்தமாக வீடு இல்லாவிட்டால், பணக்காரர்களின் சொத்தைக் காக்கவே தான் போரிடுவதாக அந்தப் பிள்ளை நினைப்பான் என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சொத்துள்ளவன் கலகம் செய்யமாட்டான் என்பது உலகெங்கும் பழமைவாதிகளுக்குத் தெரிந்த உண்மை; அதை ஒரு நாட்டின் பெரும்பான்மைக் குடும்பங்களுக்கும் பொருத்திக்காட்டியவர்கள் குறைவு. இன்று குடியிருப்பாளர்களில் ஐந்தில் நால்வர் அளவுக்கு வீவக வீடுகளில் வாழ்கிறார்கள்.

மார்கரெட் தாட்சர் இங்கே ஒப்பிடத் தக்கவர். 1980இல் நகராட்சி வீடுகளைக் குடியிருப்போருக்கே விற்கும் சட்டத்தை அவர் கொண்டுவந்தபோது சிங்கப்பூரில் அந்த வேலை பாதிக்குமேல் முடிந்திருந்தது. அவர் கையில் பழமைவாதக் கட்சி ஆயத்தமாக இருந்தது, அதன் திசையை மட்டும் திருப்பினார். லீயிடம் அப்படி ஒரு கட்சியே இல்லை. இருவரும் பிரதமர் பதவியை விட்டிறங்கியது ஒரே நாளில், 1990 நவம்பர் 28இல், என்பது வெறும் தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வீடு வாங்கும் விண்ணப்பத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். அதில் முதலில் கேட்கப்படுவது நீங்கள் யார் என்பதன்று, யாரோடு குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பிக்கிறீர்கள் என்பதே. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை, மணம் நிச்சயமான இணையர் என்று குடும்ப அமைப்பொன்று இருக்கவேண்டும். தனியாள் என்றால் 35 வயது வரை காத்திருக்கவேண்டும். எங்கள் உறவில் ஒரு தம்பி, பெண் பார்த்து முடிவாகி ஆறு வாரத்தில், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டுக்குப் பதிந்துவிட்டான். அவன் அம்மா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, “தாலிக்கு நாள் பார்க்க ஐயரு, வாழ்க்கைக்கு நாள் பார்க்க வீவக” என்றார். குடும்பம்தான் சமுதாயத்தின் அடித்தளம் என்று எந்தத் தலைவரும் அவனிடம் பேசவில்லை. படிவம் பேசியது. 2015 முதல், பெற்றோர் வீட்டுக்கு அருகில் மறுவிற்பனை வீடு வாங்குவோருக்கு மானியமும் உண்டு.

மருத்துவத்திலும் இதே கைவண்ணம்தான். 1984இல் மருத்துவச் செலவுக்கான சேமிப்புத் திட்டமான மெடிசேவ் தொடங்கியபோது, ஒருவருடைய கணக்கிலிருந்து அவருடைய பெற்றோரின் மருத்துவமனைக் கட்டணத்தையும் கட்டலாம் என்று விதி செய்தார்கள். என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தபோது முகப்பில் ஒரு படிவத்தைத் தந்தார்கள். என் கணக்கு என்பதற்கு நேரே கையெழுத்து, அம்மாவுடனான உறவு என்பதற்கு நேரே ‘மகன்’. அவ்வளவுதான், ஒரு நிமிட வேலை. பிரிட்டனில் அந்தக் கட்டணத்தை வரிப்பணம் சுமந்திருக்கும். இங்கே உதவித்தொகை போக மீதியை மகன் சுமந்தான், அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டான். லீயின் அரசியல் கொள்கையை விளக்கச் சொன்னால் அந்த ஒற்றைத் தாளைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

இனக் கலப்பு ஒதுக்கீட்டையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். 1989 மார்ச்சில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த தேசிய வளர்ச்சி அமைச்சர் ஒரு தமிழர், எஸ். தனபாலன். ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், இந்தியரும் மலாய்க்காரர் அல்லாத பிற சிறுபான்மையினரும் சேர்ந்து 13 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அன்றைய வரம்பு. 2010இல் அது 15 ஆனது. இனப்பற்று காலப்போக்கில் கரைந்துவிடும் என்று நம்பும் அரசாங்கம் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கத் தேவையில்லை. கரையாது, ஆகவே சமன் செய்துகொண்டே இருக்கவேண்டும் என்ற நம்பிக்கையின்மைதான் அதன் அடியில் இருக்கிறது. மனித இயல்பை எளிதில் மாற்றமுடியாது என்பதுதானே பழமைவாதத்தின் முதல் பாடம். ஈசூனில் எங்கள் தளத்தில் இருந்த அக்கா ஒருவர் வீட்டை விற்க முனைந்தபோது, அந்த மாதம் சீனர் வரம்பு நிரம்பியிருந்தது. மூன்று சீனத் தம்பதிகள் வந்து பார்த்து, சமையலறை அகலமாக இருக்கிறது என்று மெச்சிவிட்டு, வரம்பைச் சரிபார்த்ததும் போய்விட்டார்கள். கடைசியில் விலையைக் குறைத்து ஒரு மலாய்க் குடும்பத்துக்கு விற்றார். இத்தகையோருக்கு உதவ, கழகமே வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. அந்த அக்காவின் இழப்பு உண்மையானது. இந்த விதி இல்லாவிட்டால் என் பிள்ளைகள் எல்லா இனத்தாரோடும் மின்தூக்கியில் ஏறி இறங்கி வளர்ந்திருப்பார்களா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை.

வாத்தியார் தோற்ற தேர்தல்

1970களில் அஞ்சலகங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஓர் அறிவிப்பு தொங்கியது: நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடும் முடி, காதை மறைக்கும் முடி, சட்டைக் கழுத்துப்பட்டைக்குக் கீழே இறங்கும் முடி என்று படம் வேறு போட்டிருந்தார்கள். மக்கள் முணுமுணுத்துவிட்டு முடிவெட்டிக்கொண்டார்கள். ஆகவே, அதைவிட அந்தரங்கமான ஒன்றையும் சொல்லிவிடலாம் என்று லீ எண்ணியதில் வியப்பில்லை.

1983 தேசிய தினப் பேரணி உரையில், படித்த பெண்கள் மணமாகாமலும் குறைவாகப் பிள்ளை பெற்றும் இருக்கிறார்கள், படிக்காதவர்கள் அதிகம் பெறுகிறார்கள், இப்படியே போனால் நாட்டின் அறிவுத்திறன் குன்றும் என்று அவர் பேசினார். அடுத்த ஆண்டு, பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை அளிக்கும் திட்டம் வந்தது. குறைந்த கல்வியும் வருமானமும் உள்ள இளம் தாய்மார் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்டால் சேமநிதிக் கணக்கில் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சேர்க்கப்படும் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. பட்டதாரிப் பெண்களே கொதித்தார்கள். பட்டம் பெறாத தாய் வயிற்றில் பிறந்து படித்து முன்னேறியவர்களால் நிறைந்த ஊர் இது. அம்மாவைப் பழித்ததாகத்தான் அது காதில் விழுந்தது.

1984 டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் 77.7இலிருந்து 64.8ஆகச் சரிந்தது. போத்தோங் பாசிர் தொகுதியில் எதிரணியின் சியாம் சீ டோங் வென்றார். ஆன்சன் தொகுதியைப் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் தக்கவைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துத் தமிழரான அவர் அந்தத் தொகுதியை 1981 இடைத்தேர்தலில் முதலில் வென்றபோது, அங்கே பிளேர் பிளேன் குடியிருப்பைக் காலிசெய்ய நேர்ந்த துறைமுகத் தொழிலாளர்களின் கசப்பும் அதற்கு ஒரு காரணம் என்று அன்றே பேசப்பட்டது. அந்த இடம் காலியானது, தேவன் நாயர் அதிபரானதால். தொழிலாளர் கட்சியாகப் பிறந்த கட்சி, தன் தொழிற்சங்கத் தலைவர் விட்டுச்சென்ற தொகுதியில், துறைமுகத்தார் வாக்கில் தோற்றது. பெரியப்பா யாருக்கு வாக்களித்தார் என்று கேட்டால், “அது ரகசியம்னு சட்டம் சொல்லுது” என்பார்.

பட்டதாரித் தாய்த் திட்டம் 1985இல் கைவிடப்பட்டது. இந்த நிகழ்வுதான் என் வாதத்துக்கு முக்கியச் சான்று. குடும்பத்தை முதன்மைப்படுத்திய வீட்டு விதிகளை ஏற்றுக்கொண்ட அதே மக்கள், குடும்பத்தைப் பற்றி அதே மனிதர் போதித்ததை ஏற்கவில்லை. விதிகள் வீட்டைக் கொடுத்தன. போதனை தரம் பிரித்தது.

கன்பூசியஸ், அதன்பின் ஐந்து விழுமியங்கள்

அடுத்து வந்தது கோட்பாட்டுக் காலம். மேல்நிலை மாணவர்களுக்குச் சமயக் கல்வி 1984 முதல் கட்டாயப் பாடமானது. பைபிள், பௌத்தம், இஸ்லாம், இந்து சமயம், சீக்கியம் ஆகியவற்றோடு கன்பூசிய ஒழுக்கவியலும் ஒரு தெரிவு. அதற்காக வெளிநாட்டு அறிஞர்களையும் வரவழைத்தார்கள். சீனப் பெற்றோரே அதை அவ்வளவாக நாடவில்லை; மாறாகச் சமய ஆர்வமும் மதமாற்ற முனைப்பும் கூடியதாக அரசாங்கம் கவலைப்பட்டு, 1990 முதல் அந்தப் பாடத்தைப் படிப்படியாக நிறுத்தியது.

கோட்பாடு வேறு வடிவில் திரும்பியது. 1991 ஜனவரியில் வெளியான வெள்ளை அறிக்கை ஐந்து பொது விழுமியங்களை முன்வைத்தது: இனத்துக்குமுன் நாடும் தன்னலத்துக்குமேல் சமுதாயமும், அடித்தளமாகக் குடும்பம், தனிமனிதருக்குச் சமூக ஆதரவும் மதிப்பும், மோதலன்றி இணக்கம், இன சமய நல்லிணக்கம். இதைப் பெரிதும் முன்னெடுத்தவர் லீக்குப் பின் பிரதமரான கோ சோக் டோங். கன்பூசியத்துக்கு வேறு சட்டை மாட்டி அனுப்புகிறார்களோ என்ற ஐயம் சிறுபான்மையினரிடம் இருந்தது. அறிக்கையே அந்த ஐயத்துக்குப் பதில் சொல்ல முற்பட்டது. ஐந்தையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வெளிநாடுகளில்தான் இந்தப் பேச்சு பெரிதாக எடுபட்டது. 1994இல் அமெரிக்க வெளியுறவு இதழொன்றின் நேர்காணலில், குடும்பம் செய்யவேண்டியதை அரசாங்கம் செய்ய முடியும் என்று மேற்கு நம்பியதுதான் பிழை என்று லீ வாதிட்டார். அதே ஆண்டில் தென்கொரியாவின் கிம் டே ஜுங் அதை மறுத்து எழுதினார். அசோகரையும் அக்பரையும் காட்டி, சகிப்பும் சுதந்திரமும் ஆசியாவுக்கும் சொந்தம்தான் என்றார் அமர்த்தியா சென். தமிழ் வாசகருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதுகூட இல்லை. 1929இலும் 1954இலும் பெரியார் இங்கே வந்து பேசியிருக்கிறார். கேள்வி கேள், பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்காதே என்ற சுயமரியாதைப் பேச்சைக் கேட்டுத் தலைநிமிர்ந்த தோட்டத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் ஆசியர்கள்தான். ஆசிய விழுமியம் என்றாலே பணிவு என்ற சூத்திரத்தில் அவர்களுக்கு இடமில்லை.

இந்தப் பேச்சு ஓய்ந்தது; சட்டங்கள் மட்டும் தங்கின. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் நிறைவேறியது. 60 வயதைக் கடந்து தம்மைப் பேணமுடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தை நாடலாம். அதைக் கொண்டுவந்தவர் அமைச்சரல்லர், நியமன நாடாளுமன்ற உறுப்பினர் வால்ட்டர் வூன். வறியவருக்குக் கைகொடுக்கும் பொறுப்பை இனவாரி சுயஉதவிக் குழுக்களிடம் பகிர்ந்தளித்ததும் அதே காலம்தான். 1991இல் பிறந்த, இந்தியர்களுக்கான சுயஉதவிக் குழுவான சிண்டா நம் சம்பளச் சீட்டில் ஒரு வரியாக இன்றும் இருக்கிறது.

2009 ஆகஸ்ட்

இந்தக் கொள்கையின் அடிநாதத்தை லீயே ஒருமுறை வெளிப்படையாகப் பேசினார். நியமன உறுப்பினர் விஸ்வா சதாசிவன், தேசியப் பற்றுறுதியின் கோட்பாடுகளை நாடாளுமன்றம் மறுபடி உறுதிசெய்ய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அந்தப் பற்றுறுதியை 1966இல் வரைந்தவர், தபால்காரர்களுக்காக எழுதிய அதே ராஜரத்தினம். ‘இனம் மொழி மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து’ என்று நம் பிள்ளைகள் காலைதோறும் சொல்வது அதைத்தான். நாடாளுமன்றத்தில் அரிதாகவே பேசிவந்த 85 வயது லீ எழுந்தார். எல்லா இனத்தாரும் ஏற்கெனவே சமம் என்று கொள்வது பிழை; பற்றுறுதி ஓர் இலட்சியம், இன்றைய நடப்பன்று; மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை அரசமைப்பின் 152ஆம் பிரிவே கூறுகிறது என்று எடுத்துச்சொன்னார். அவையைத் தரைக்கு இறக்கவே எழுந்ததாகவும் குறிப்பிட்டார். நண்பர்களாக இருந்த இரு மனிதர்களுக்குள் ஐம்பதாண்டுகளாக நடந்துவந்த விவாதம் அது. ஒருவர் மறைந்து மூன்றாண்டுகளான பிறகு மற்றவர் அதற்குக் கடைசி வரியைச் சொன்னார்.

அவருக்குப் பிறகு

இடையில் ஒரு திருப்பம். ஆண்களுக்கிடையிலான ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவு 2007இல் விவாதத்துக்கு வந்தபோது, அது பிறவியிலேயே வருவது என்றால் குற்றமாக வைத்திருப்பானேன் என்ற தொனியில் பேசியவர் லீ குவான் இயூ. சட்டத்தை விட்டுவைத்தது அடுத்த தலைமுறை அரசாங்கம், சமுதாயம் பழமைப்பற்று மிக்கது என்ற காரணம் சொல்லி. தாம் வார்த்த அச்சு தம்மைவிட இறுகிப்போனதை அவர் உயிரோடிருந்தே பார்த்தார்.

2022 நவம்பரில் அந்தப் பிரிவை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்தது. கூடவே, திருமணத்துக்கான விளக்கத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசமைப்பும் திருத்தப்பட்டது. குற்றம் போனது, வீட்டு விண்ணப்பத்தில் உள்ள குடும்பம் அப்படியே இருந்தது. நீக்கத்துக்கு ஆதரவாக 93 வாக்குகள், எதிராக 3. கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்ட ஆளுங்கட்சியிலிருந்து ஒரு எதிர்வாக்குகூட இல்லை. எதிர்த்தவர்களில் இருவர் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியினர், ஒருவர் நியமன உறுப்பினர். லீ கட்டிய பழமைவாதம் அவருடைய கட்சியின் தனிச்சொத்தாக இல்லை என்பதை அந்த மூன்று வாக்குகளும் காட்டின. எதிர்க்கட்சி மேடைகளிலும் வீட்டு விலை, சேமநிதி, குடும்பம் என்ற சொற்கள்தான் ஒலிக்கின்றன.

சில முடிச்சுகள் அவிழவும் தொடங்கியிருக்கின்றன. வேலை இழந்தவர்க்கு ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை வழங்கும் திட்டம் 2025 ஏப்ரலில் வந்தது. லீ காலத்தில் அப்படி ஒன்றை எண்ணிப்பார்த்திருக்க முடியாது. திருமணமாகாதவர்கள் எந்த வட்டாரத்திலும் ஈரறை வீட்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று 2024இல் விதி தளர்ந்தது. வயது மட்டும் 35தான்.

தைப்பூசத்தை மறுபடி பொது விடுமுறை ஆக்கவேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. இருக்கும் ஏற்பாட்டைத் தொடுவது மற்றச் சமயத்தாரின் கோரிக்கைகளையும் கிளப்பும் என்பதே பதிலாக வருகிறது. பெரியப்பாவின் மகன் ஒவ்வோர் ஆண்டும் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறார். அதற்கு மூன்று வாரம் முன்னதாகவே அலுவலகக் கணினியில் விடுப்பு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிடுவார். காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதுவாராம்.